மெஜஸ்டிக்கைத் தொலைத்த நோரா

பெங்களூர் ஈஜிபுராவில் வளர்ந்த நோராவுக்கு பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால் போதும், வழியெல்லாம் போர்டுகளைப் படித்துக்கொண்டே போவாள். கணினி படித்து முடித்துச் சேர்ந்த சின்னக் கம்பெனியிலும் முதல் வேலை பஸ் பற்றியதாகவே அமைந்தது. ஊரிலுள்ள நிறுத்தங்களையெல்லாம் மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் எழுதிய மாபெரும் அட்டவணை. எந்த இரண்டு நிறுத்தங்களுக்கு நேர் பஸ் உண்டோ, அந்தக் கட்டத்தில் மட்டும் ஓர் எண். மற்ற கட்டங்களெல்லாம் காலி; அவற்றில் கணக்குப் போட ஒன்றுமில்லை.

அதைத் துண்டு போட்டு எட்டு பிராசஸர்களுக்குக் கொடுத்தால், எட்டும் ஒரே சமயத்தில் கணக்குப் போடும். நோரா பெயர் வரிசைப்படி ஆளுக்குச் சமமான நிறுத்தங்களைப் பிரித்துக் கொடுத்தாள். மதியத்துக்கு மேல் மெஷின் வேறு குழுவுக்கு. அதற்குள் முடியாவிட்டால் அவளுடைய முறையைக் கைவிடுவதாகப் பேச்சு.

ஏழு பிராசஸர்கள் மளமளவென்று முடித்தன. ஐந்தாவது மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏழு பேரு டீ குடிக்கப் போயாச்சு. இவனை மட்டும் ஏன் போட்டு வாட்டுறே?" என்றான் பக்கத்து இருக்கை மஞ்சுநாத்.

"அந்த பிராசஸர்தான் கெட்டிருக்கும், மஞ்சு."

"ஹௌதா, நிஜமாவா? அப்ப துண்டை வேற ஆளுக்கு மாத்திப் பாரு."

மாற்றினாள். இப்போது இரண்டாவது திணறியது. கோளாறு துண்டில்தான்!

ஏதோ ஒரு நிறுத்தத்தில் எண்கள் குவிந்திருக்க வேண்டும். குவிவதென்றால் ஊரின் நடுவிலுள்ள பெரிய பஸ் நிலையம் மெஜஸ்டிக்தான்; எங்கிருந்தும் அங்கே பஸ் உண்டே. 'எம்' எழுத்தில் தேடினாள். இல்லை.

"பெங்களூருல மெஜஸ்டிக்கையே தொலைச்ச முதல் ஆளு நீதான்" என்றான் மஞ்சுநாத்.

திணறிய துண்டைத் திறந்தாள். 'கே' எழுத்து. காடுகோடி, கெங்கேரி, கோரமங்கலா... நடுவே கெம்பேகௌடா பஸ் நிலையம்!

தினமும் படிக்கிற போர்டு. ஆனால் வாயால் அந்தப் பெயரை யார் சொல்கிறார்கள்? ஊருக்கே அது மெஜஸ்டிக்தான். தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள்.

இந்த முறை நிறுத்தங்களை எண்ணவில்லை. எண் நிரம்பிய கட்டங்களை எண்ணிப் பங்கு போட்டாள். மெஜஸ்டிக் விழுந்த பங்கில் நிறுத்தங்கள் கொஞ்சம்தான். ஆளரவமற்ற நிறுத்தங்களெல்லாம் இன்னொரு பங்கில் மொத்தமாகச் சேர்ந்தன. எட்டும் ஏறக்குறைய ஒன்றாக முடித்தபோது, அடுத்த குழு சாப்பாட்டிலிருந்து திரும்பியிருக்கவில்லை.

நோரா டிபன் பாக்ஸைத் திறந்தாள். கை நின்றது.

"மஞ்சு, மெஜஸ்டிக் இன்னும் பெருசானா? ஒரே வரிசையையே ரெண்டு பேருக்கு வெட்டிக் கொடுக்கலாமா?"

"முதல்ல சாப்பிடு, தாயி!"