கம்பெனிக்குப் போன கேசட் பேச்சு

கம்ப்யூட்டர் படித்த என் நாத்தனார் மகள் வீட்டிலிருந்தபடியே வெப்சைட் செய்து தருகிறாள். போனில் பேச மட்டுமே தெரிந்த எனக்கும் ஒரு ஆன்லைன் வேலை பிடித்துக் கொடுத்தாள். கம்பெனி சொல்லும் தலைப்பில் இயல்பாகத் தமிழில் பேசி, பதிவு செய்து அனுப்ப வேண்டும்.

முதலில் அனுப்பியதெல்லாம் 'செய்தி வாசிப்பது போல இருக்கிறது' என்று திரும்பி வந்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கணவர் சவுதியில் இருந்த காலத்தில் கேசட் கேசட்டாகப் பேசி அனுப்பியவள் நான். எனக்கா பேசத் தெரியாது? கதவைச் சாத்தி, கண்ணை மூடி, பழைய டேப் ரெக்கார்டர் எதிரில் இருப்பதாக நினைத்துக்கொண்டேன். அன்றைய தலைப்பு மழைக்காலம்.

"என்னங்க, நல்லா இருக்கீங்களா? இங்கிட்டு கீரமங்கலத்துல விடாத மழை. மல்லியப்பூவெல்லாம் செடியிலயே அழுகிப்போச்சு. இடி இடிச்சா பயமா இருக்குங்க. எப்பத்தான் வருவீங்க?"

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அதற்கு மேல் மாமியாரைப் பற்றிப் பொருமியது, ஆசையாகச் சொன்னது எல்லாமே கம்பெனிக்குப் போய்விட்டது! பதறிப்போய், கம்பெனியில் எனக்கு வேலை கொடுக்கும் பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"நான் மட்டுந்தாங்க்கா கேட்டேன், அழிச்சுட்டேன். ஆனா இப்படித்தாங்க்கா பேசணும்" என்று சிரித்தாள்.

சவுதியை விட்டு ஊரோடு வந்து, இப்போது பூந்தோட்டம் பார்க்கும் கணவரிடம் சொன்னேன். "அதை எனக்கு அனுப்பியிருக்கலாம்ல?" என்றார்.

இப்போதெல்லாம் கம்பெனிக்கு அனுப்புவதை முழுதாகக் கேட்ட பிறகே அனுப்புகிறேன். தோட்டத்தில் இருப்பவருக்கும் தனியாக ஒன்று பேசி அனுப்புகிறேன். அதை மட்டும் திரும்பக் கேட்பதில்லை.