மூக்கைப் பிடித்துக் குடித்தவன்

நான் கூச்ச சுபாவம் உள்ளவன். நாலு பேர் முன்னால் பேச வராது. அப்படிப்பட்ட நான் ஒருமுறை வாய் திறந்த கதை இது.

நானும் ஏழுமலையும் இருபது வருடமாக ஜோடியாகப் பெயிண்ட் அடித்தவர்கள். முதலியார்பேட்டையில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் ஒருவர் வீட்டில் வேலை முடிந்த அன்று, அவர் எங்களையும் தன் குடும்பத்தோடு மேசையில் உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸில் பொன்னிற ஒயின் ஊற்றினார்.

"திராட்சைய கொடியிலேயே சுருங்க விட்டு, லேட்டா பறிச்சு செஞ்சது. இனிப்பா இருக்கும்" என்றார்.

அவர் முதலில் முகர்ந்து பார்த்தார். நானும் அப்படியே செய்தேன். தேனும் பலாச்சுளையும் கலந்தாற்போல ஒரு வாசனை. குடித்துத் தீர்க்கவே மனசு வரவில்லை. ஏழுமலையோ சாராயக்கடைப் பழக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் வெட்கத்தோடு சிரித்தான். அதோடு போயிருக்கும். நான்தான் விடவில்லை.

"பெயிண்ட்ல கலக்கற தின்னர ஊத்திக் குடுத்தாலும் இவன் இப்படித்தான் சார் குடிப்பான்!"

மறுபடியும் பெரிய சிரிப்பு. நான் சொன்னதற்கு இத்தனை பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஏழுமலை கிளாஸை வைத்தான். "நான் போறேன்டா. நீ பெரிய மனுசங்களோட குடிச்சிட்டு வா."

அதன்பிறகு அவன் என்னோடு வேலைக்கு வரவில்லை. வழியில் பார்த்தாலும் வண்டியை நிறுத்துவதில்லை.

அப்போதே எழுந்து அவன் பின்னால் போயிருக்கலாம். போகவில்லை. என் கிளாஸில் இன்னும் கொஞ்சம் இருந்தது. அதை முகர்ந்து முகர்ந்து, மெதுவாகக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது.