கவிழ்த்து வைத்த துரும்பு

குணேஸ்வரி மறுபடியும் எழுந்துவிட்டார். உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, ஜன்னலுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இடையே நடக்கிறார். கையில் சீட்டுக்கட்டு கலைந்துகொண்டே இருக்கிறது. நடுநடுவே, யார் வீட்டுக் கதவையோ தட்டுவதுபோல, இடது இடுப்பை விரல் முட்டியால் தட்டிப் பார்க்கிறார். உள்ளே இருப்பது உலோகம். "இது நல்லா இருக்கு. மேல் மாடியைத்தான் செக் பண்ணணும்," என்று தலையைக் காட்டுவார்.

வயது எழுபத்து மூன்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸ் பாசாரில் மீன்காரரிடம், "பாஸ், இது நேத்து செத்ததா, முந்தாநாளா?" என்று கேட்காமல் காசை எடுக்க மாட்டார். பொறுமை என்ற சாமானை அவருக்கு யாரும் விற்றதில்லை.

ஞாயிறு மத்தியானமானால் அவர் வீட்டில் முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம். யாழ்ப்பாணத்துக்காரர் நாலு பேர் கூடினால் வேறென்ன செய்வார்கள்? எதிரணியில் சண்முகரத்தினம் தம்பதியர். குணேஸ்வரிக்கு ஜோடி வீரசிங்கம், ரயில்வேயில் கார்டாக இருந்தவர். புள்ளியை ஏலம் கேட்கும் கேள்வியில் வென்றவர், மற்றச் சாதிகளை வெட்டும் துரும்புச் சீட்டை மேசையில் கவிழ்த்து வைப்பார். அது ஸ்பேடா, கிளாவரா, என்ன சாதி என்பது அவர் மனத்தில் மட்டும் இருக்கும்.

இருபது வருடமாக, அவசரப்பட்டுச் சீட்டை இறக்கியதற்காக வீரசிங்கம் இந்த அம்மாளை ஏசாத ஞாயிறு கிடையாது. ஏச்சு விழுந்த மறுகணம் குணேஸ்வரி முறுக்கு டின்னைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அன்று முழுக்க வீரசிங்கத்துக்கு முறுக்கு இல்லை.

இடுப்பு தேய்ந்து, இரவெல்லாம் தூக்கமில்லாமல் தவித்தபின்தான் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். மயக்கம் தெளிந்தும் மூன்று நாள் தலை தெளியவில்லை. ஊசி போட வந்த நர்ஸிடம், "ஈப்போ லைன் பிஸி, வெயிட் பண்ணுங்க," என்றாராம். இந்த வயதில் சிலருக்கு இப்படி ஆகும், மந்தம் விலகச் சில மாதம் பிடிக்கலாம் என்றார் டாக்டர். வலி போய், தூக்கம் வந்து, நன்றாக நடந்தால் தலை முன்பைவிடத் தெளிவாகவும் ஆகலாம். உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொல்லிவைத்தார். அன்று தொடங்கியதுதான் இந்த நடை.

வீடு திரும்பியபின் முதல் ஆட்டத்திலேயே அது நடந்தது. கேள்வியில் வென்றார், துரும்பைக் கவிழ்த்தார், நாலாவது சுற்றில் அது என்னவென்று மறந்துபோனார். ஸ்பேடா, கிளாவரா? தூக்கிப் பார்த்தால் சட்டப்படி தப்பில்லை, மானம் போகும். ஸ்பேட் என்று நினைத்து ஆடினார். கடைசியில் புரட்டினால் கிளாவர்.

வீரசிங்கம் ஏசவில்லை. "பரவாயில்லை குணேஸ், இன்னொரு கை போடுவோம்," என்றார். அந்தப் பரவாயில்லைதான் கத்தி மாதிரி இறங்கியது. மூளை போனவளிடம் பேசுகிற குரல் அல்லவா அது? அடுத்தடுத்த வாரங்களிலும் அதே மரியாதை. முறுக்கு டின் மேசை நடுவில் அநாதையாகக் கிடந்தது. ஒருநாள் கேட்டேவிட்டார்: "ஏன் அண்ணே ஏச மாட்டேங்கிறீங்க? நான் செத்தா போயிட்டேன்?"

"உடம்பு தேறட்டும் லா," என்று வீரசிங்கம் சீட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். குணேஸ்வரிக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. இடுப்பு வலித்த காலமே தேவலை என்றிருந்தது.

போன ஞாயிறு மறுபடியும் அவருடைய கேள்வி. பாதி ஆட்டத்தில் சந்தேகம் வந்தது. எல்லோரும் பார்க்க, கவிழ்த்த சீட்டைத் தூக்கிப் பார்த்தார். நினைத்த சாதியேதான். திரும்ப வைத்தார். வந்த சந்தோஷத்தில், அடுத்த சுற்றிலேயே வேறு சாதி ஜாக்கை, இந்த ஆட்டத்தின் மிகப் பெரிய சீட்டை, அவசரமாக இறக்கினார். சண்முகரத்தினம் சிரித்துக்கொண்டே குருட்டாம்போக்கில் கவிழ்த்துப் போட்ட சீட்டு துரும்பாக இருந்து அதை வெட்டியது. இது மறதி இல்லை. இருபது வருடத்து அவசரப் புத்தி.

வீரசிங்கம் சீட்டை மேசையில் அறைந்தார். "முப்பது புள்ளி போச்சு! கொஞ்சம் பொறுத்தா என்ன குணேஸ்? உங்களோட ஜோடி சேர்றதுக்கு நான் பத்துமலைப் படியை முட்டி போட்டே ஏறியிருக்கலாம்."

சொன்னபின்தான் ஏசிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. சண்முகரத்தினத்தின் மனைவி அவரை முறைத்தார்.

குணேஸ்வரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கையை நீட்டி, முறுக்கு டின்னை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.