பள்ளத்தில் பூசிய சிவப்பு

பெயிண்ட் அடிக்குமுன் என்ஜின் பிளாக்கின் இரும்பைத் துடைத்த வெள்ளைத் துணியை நடீன் டட்டில் உடனே கூடையில் போடமாட்டாள். கராஜ் ஜன்னலருகே கொண்டுபோய், இரண்டு கையாலும் விரித்து, வெளிச்சத்தில் பார்ப்பாள். துணி வெள்ளையாகவே இருந்தாலும் இன்னொரு துணி எடுத்து மறுபடி துடைப்பாள். ஆண்டர்சன் ஊர்ப் பக்கம் பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் பத்தொன்பது வருடமாக இதைப் பார்த்து வருகிறார்கள்.

"நடீன்கிட்ட குடுத்தா பிளாக் திரும்பி வர்றதுக்குள்ள கார் துருப்பிடிச்சிடும்" என்று சிரிப்பார்கள். ஆனாலும் அவளிடம்தான் கொடுப்பார்கள். எந்த வருடத்து செவ்ரோலெட் என்ஜினுக்கு எந்த ஆரஞ்சு பெயிண்ட் என்று அவளுக்குத் தெரியும். தொழிற்சாலையில் அவசரமாக அடித்தபோது எந்த மூலைக்குப் பெயிண்ட் எட்டாமல் போனது என்பதும் தெரியும். அந்த மூலையை அவளும் அப்படியே விட்டுவிடுவாள். கண்காட்சி நடுவர்கள் டார்ச் அடித்து அதைத்தான் தேடுவார்கள்.

ஒன்றை மட்டும் அவள் செய்வதில்லை. பிளாக்கின் உள்ளே பூசமாட்டாள். எட்டு சிலிண்டர் என்ஜினில் இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். மேலே வேலை முடித்த எண்ணெய் அதில் விழுந்துதான் கீழே இறங்கும். கார்ப் பந்தயக்காரர்கள் அங்கே சிவப்பு வார்னிஷ் பூசச் சொல்வார்கள், எண்ணெய் தேங்காமல் வழுக்கி ஓடும் என்று. "வேற ஆளைப் பாருங்க" என்பாள் நடீன். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை.

கடைசியாக அவள் அப்படிப் பூசியது பத்தொன்பது வருடத்துக்கு முன்பு, ராஸ்கோ ஹாட்சுக்கு. அவளுடைய தோழி வெல்டாவின் கணவன். இரும்பை மூன்று தரம் கழுவி, துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, சூடுகாட்டி, பிறகுதான் சிவப்பைத் தொடவேண்டும். அழுக்கு இருந்தால் நாளாக ஆக அது தோலாக உரிந்து வரும். ராஸ்கோவுக்கு அந்தச் சனிக்கிழமையே பந்தயம். அவள் ஒரு தரம் கழுவினாள். துணி சாம்பல் நிறத்தில் வந்தது.

"போதும் நடீன். அதுல சூப் ஊத்தியா குடிக்கப் போறேன்?" என்றான் ராஸ்கோ.

பூசிவிட்டாள்.

மூன்றாவது சனிக்கிழமை, கவுண்டி மைதானத்து மண் டிராக்கில், பதினோராவது சுற்றில் என்ஜின் இறுகி நின்றது. பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. கார் சுழன்று சுவரில் மோதி, ராஸ்கோ அங்கேயே செத்துப்போனான். எண்ணெய் குறைவாக ஊற்றியிருப்பான் என்றார்கள். அவன் அப்படிப்பட்டவன்தான். என்ஜினை யாரும் திறந்து பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு சூப்பில் தக்காளித் தோல் சுருண்டு மிதந்தால் நடீன் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிடுவாள். பட்டப்பகலில், கராஜ் கதவு திறந்திருக்கும்போதுகூட, குனிந்து வேலை செய்கிறவளின் கழுத்துக்குப் பின்னால் யாரோ அவசரமாக மூச்சுவிடுவது கேட்கும். திரும்பிப் பார்க்கமாட்டாள். பார்த்தால் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

போன அக்டோபரில் அந்த என்ஜின் அவள் வாசலுக்கே வந்தது. வெல்டாவின் தம்பி ஆரின் தன் பிக்கப் வண்டியில் ஏற்றிவந்தான். பக்கத்தில் வெல்டா.

"எங்க இறக்கட்டும்? பத்தொன்பது வருசமா எங்க கொட்டகையில குந்தியிருந்துச்சு. கோழிங்க மேல ஏறி முட்டை போட்டதுதான் மிச்சம்" என்றான் ஆரின்.

"வாயை மூடுடா" என்றாள் வெல்டா. "நடீன், இதை மேசையாக்கப் போறேன். டிவி முன்னாடி வைக்க."

"மேசையா?"

"எல்லாரும்தான் பண்றாங்க. வெளியில ஆரஞ்சு அடி. மேல கண்ணாடி போட்டுக்கிறேன். குனிஞ்சா நீ பூசின சிவப்பு தெரியணும். அதைக் காட்டிக் காட்டி அவன் ஊரெல்லாம் பீத்திக்கிட்டானே, ஞாபகமிருக்கா?"

"இருக்கு" என்றாள் நடீன்.

மறுநாள் காலையில் தனியாக என்ஜினைப் பிரித்தாள். பள்ளத்தின் பின்பக்கம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு இல்லை, வெறும் இரும்பு. எண்ணெய் தேங்கும் அடிச்சட்டியைக் கழற்றினாள். எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயில் இருந்த வலையில் சிவப்புச் செதில்கள் காய்ந்து ஒட்டியிருந்தன. பாதி வலையை அடைத்திருந்தன. மறுபாதி திறந்துதான் இருந்தது. ஓர் ஆளைக் கொல்ல பாதி போதுமா? அந்த வலை அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

அலமாரியில் சிவப்பு டப்பா இருந்தது. அரைமணி நேர வேலை. வெறும் இடத்தைப் பூசி, செதில்களைக் குப்பையில் போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டப்பாவைத் திறந்து பிரஷ்ஷையும் நனைத்துவிட்டாள். கழுத்துக்குப் பின்னால் மூச்சு கேட்டது. பூசு, பூசு என்று அவசரப்படுத்துகிற மூச்சு. பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு வெல்டாவுக்குப் போன் செய்தாள்.

வெல்டா பூசணி ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். நடீன் ஆரஞ்சு அடித்த இரண்டு மாதிரித் தகடுகளைக் காட்டினாள். ஒன்று பளபளப்பு, மற்றது மங்கல்.

"ரெண்டும் ஒரே ஆரஞ்சுதானே?"

"கலர் ஒண்ணுதான். பூச்சு வேற." நடீன் தகடுகளைக் கீழே வைத்தாள். "வெல்டா, நான் அன்னிக்குச் சரியா கழுவல."

"எதை?"

நடீன் அந்த வலையை வெள்ளைத் துணியில் வைத்து நீட்டினாள். "இது என் சிவப்பு. உரிஞ்சு வந்து எண்ணெய் போற வழியில உக்காந்திருக்கு."

வெல்டா ஒரு செதிலை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "இதனாலயா?"

"தெரியல. பாதிதான் அடைச்சிருக்கு. எண்ணெயும் கம்மியா இருந்திருக்கலாம். ஆனா இதனாலயும் இருக்கலாம்."

"அவன் அவசரப்படுத்தியிருப்பான்."

"ஆமா. ஆனா துணி அழுக்கா வந்ததை அவன் பாக்கல. நான் பாத்தேன்."

வெல்டா குனிந்து, பள்ளத்துக்குள் கைவிட்டு, வெறும் இரும்பின்மேல் விரல்களை வைத்தாள். எடுக்கவில்லை.

"பூசி மறைச்சிருக்கலாமே நீ."

"டப்பாவைத் திறந்துட்டேன்."

"பத்தொன்பது வருசமா எங்க வீட்டுக்கு வந்து என் பிறந்தநாள் கேக் தின்னியேடி" என்றாள் வெல்டா. கத்தவில்லை. கத்தியிருந்தால் நடீனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு வெல்டா விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "உள்ள தொடாத. அப்படியே விடு. வெளியில பளபளப்பு அடி. மங்கல்ல தூசி ஒட்டும்." கொண்டுவந்த ரொட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

மேசை இப்போது வெல்டாவின் டிவி முன்னால் இருக்கிறது. சிவப்பு போன இடத்துக்கு நேர்மேலே அவள் எதையும் வைப்பதில்லை என்று ஆரின் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் நடீனைப் பார்த்தால் வெல்டா தலையசைக்கிறாள். வீட்டுக்கு வா என்று இன்னும் கூப்பிடவில்லை.