லைட்டுக்கு முதல் பொருள்

இரண்டாயிரங்களின் நடுவில் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். தீபாவளி முடிந்து பட்டாசு லேபிள் வேலை ஓய்ந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்கான நோட்ஸ், வரைபடம், அகராதி என்று ஏதாவது வரும். அந்த வருடம் ஆங்கிலம்–தமிழ்க் கையகராதி வந்தது. எல் எழுத்து என் தலையில் விழுந்தது. எந்தச் சொல்லுக்கும் இரண்டு வரிக்கு மேல் கிடையாது என்று பதிப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார். லைட் என்கிற சொல்லை இரண்டு வரிக்குள் அடைக்கச் சொல்கிற ஆளுக்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது என்று திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மிச்சச் சண்டையை என் மனைவியிடம் போட்டேன். அவள் எட்டாவது வரை படித்தவள். சாத்தூர் போகிற வழியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து வேலை பார்த்தாள். மருந்து என்றால் எங்கள் பக்கம் பட்டாசுக்குள் போகிற வேதிப்பொடி. நான் புரூஃபை வாசிப்பேன், அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பாள். ஒளி, வெளிச்சம், விளக்கு. ஏற்று, கொளுத்து. எடை குறைந்த, இலேசான. வெளிர் நிறமான.

"இம்புட்டுத்தானா?" என்றாள். "லைட்டா தலவலிக்குதுங்கோம், லைட்டாச் சாப்பிட்டேங்கோம். அதெல்லாம் எங்க?"

"அது இங்கிலீஷ் இல்ல. நாமளா பண்ணிக்கிட்டது."

"அகராதிய நம்ம பிள்ளைகதான வாங்கப்போகுது?"

பதில் சொல்ல முடியாத கேள்வி என்றால் எனக்குக் கோபம் வந்துவிடும். வந்தது. அவள் அதைச் சட்டை செய்யாமல், கொளுத்து என்கிற சொல்லையும் எடுத்துவிடச் சொன்னாள். கம்பெனி வாசலுக்குள் அந்த வார்த்தையை யாரும் வாயில் எடுக்க மாட்டார்களாம், போர்மேன் அடிக்க வந்துவிடுவாராம். ஏற்று என்பதே போதும் என்றாள். நான் இரண்டையும் வைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் அச்சகத்துக்குப் போன் வந்தது. கம்பெனி ஆள் பேசினார். "பயப்படாதீக, முகத்துல லைட்டாத்தான் பட்டிருக்கு."

மருந்து காயப்போடும் மேடையில் காய்ந்ததைக் கூட்டி அள்ளும்போது பற்றிக்கொண்டது. சுவர் இடியவில்லை, உயிர் போகவில்லை. அதனால் பேப்பரில்கூட வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது அவள் முகம் வீங்கி, இரண்டு கண்ணும் மூடிக் கிடந்தன. இமை மயிரில் அலுமினியப் பொடி ஒட்டியிருந்தது. நம் ஊரில் லைட்டாக என்றால் இதுதான் பொருள் என்று போன் செய்த ஆளின் சட்டையைப் பிடித்துச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதை விட்டுவிட்டு வண்டி பிடிக்க ஓடினேன்.

மதுரைக்குக் கொண்டுபோனோம். கண் டாக்டர் சின்ன வயதுப் பெண், நிதானமாகப் பேசினார். கருவிழி வெந்து வெள்ளையாகிவிட்டது என்றார். "வெளிச்சம் தெரிஞ்சா உள்ள நரம்பு நல்லா இருக்குன்னு அர்த்தம். கருவிழியை மாத்திப் பாக்கலாம். அதுவே தெரியலைன்னா ஆபரேஷன் பண்ணிப் பிரயோஜனம் இல்லை." இதை என் மனைவி கேட்கும்படியாகவே சொல்லிவிட்டார்.

இருட்டு அறையில் உட்காரவைத்து, ஒரு கண்ணைப் பொத்தி, பேனா போன்ற டார்ச்சை மறு கண்ணுக்கு எதிரே பிடித்தார்.

"லைட் தெரியுதாம்மா?"

"தெரியுதுங்க."

"எந்தப் பக்கம்?"

"மேல."

"இப்ப?"

"இடது பக்கம்."

இரண்டு கண்ணுக்கும் எல்லாம் சரியாகச் சொன்னாள். டாக்டர் முகம் மலர்ந்தது. எனக்கும் உயிர் வந்தது. அப்புறம்தான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. டார்ச்சை நகர்த்திய பிறகு ஒவ்வொரு முறையும் டக்கென்று ஒரு சுவிட்சு. அடுத்த அறையிலிருந்து குக்கர் விசிலை எண்ணும்போது தலையைச் சாய்ப்பாளே, அப்படிச் சாய்த்திருந்தாள்.

இது எங்கே பழகியது என்று எனக்குத் தெரியும். கம்பெனிக்குச் சோதனை செய்ய அரசாங்க ஆபீசர் வந்தால், அறைக்கு இத்தனை பேர் என்கிற கணக்குக்கு மேல் இருப்பவர்களைப் பின்பக்கக் கருவேலங்காட்டுக்குள் விரட்டிவிடுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். மாஸ்க் தந்தார்களா, தந்தார்கள். கண்ணாடி தந்தார்களா, தந்தார்கள். கேட்கிறவர் எதை எழுதிக்கொள்ள ஆசைப்படுகிறாரோ அதைச் சொல்லிப் பழகிய வாய் அது. சொல்லாவிட்டால் கம்பெனியை மூடிவிடுவார்கள், அப்புறம் யாருக்கும் வேலை இருக்காது.

வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆபரேஷன் நடக்கட்டும், கடவுள் பார்த்துக்கொள்வார். ஆனால் செத்த கண்ணை அறுத்து, யாரோ செத்தவர் கொடுத்த கருவிழியை வைத்து, கட்டைப் பிரிக்கிற அன்றைக்கும் இவள் தெரியுது தெரியுது என்று சொல்லிக்கொண்டிருந்தால்?

"டாக்டரம்மா, சுவிட்சு சத்தத்த வச்சுச் சொல்றா" என்றேன்.

டாக்டர் டார்ச்சை எரியவிட்டபடியே உள்ளங்கையால் மறைத்துத் திறந்து பார்த்தார். இடது கண்ணுக்கு எல்லாம் தப்பாகச் சொன்னாள். வலது கண்ணுக்கு வந்தபோது ஒன்றுமே சொல்லவில்லை. வீக்கம் வற்றட்டும், ரெண்டு நாள் கழித்து இன்னொரு முறை பார்ப்போம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "ஏன் சொன்னீக? கண்ணு போனது எனக்கு. பொய் சொல்றதும் என் பாடு. உங்களுக்கு என்ன?"

நான் நடைபாதையிலேயே கத்தினேன். ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குழாயடிக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்கப்புறம் வார்டில் கிடந்த இரண்டு நாளும் அவள் என்னோடு பேசவில்லை. லைட்டாக ஏதாவது கொடுங்கள் என்று நர்ஸ் சொல்லிப் போவார், ஊட்டினால் வாயைத் திறப்பாள், அவ்வளவுதான். கைத்தாங்கலாகத் தூக்கினால் எடையே இல்லை. எல் எழுத்து என்ன ஆச்சு என்று அச்சகத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கே போன் வந்தது. ஒளி, வெளிச்சம், சுடர், பிரகாசம். தமிழில் இத்தனை இருந்து என்ன, அவள் கண்ணில் ஒன்றைக்கூடப் போட என்னால் முடியவில்லை. புரூஃபை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

டாக்டர் மறுபடி பார்ப்பதாகச் சொன்ன காலையில் சொட்டு மருந்து விட்டு, கட்டுப் போடாமல் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். பக்கத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். கும்பிடாத சாமியை எல்லாம் மனதுக்குள் கும்பிட்டாயிற்று.

"இங்கன சோத்தாங்கைப் பக்கம் ஜன்னல் இருக்கா?" என்றாள்.

யாரும் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். வலது பக்கம் வடக்குப் பார்த்த ஜன்னல் இருந்தது. கதவு சாத்தியிருந்தது. வெயில் விழாது, காற்றும் வராது, சூட்டை வைத்தோ சத்தத்தை வைத்தோ சொல்ல வழியில்லை. அப்படியும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் போடாமல் எழுந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, அவள் வலது கண்ணுக்கு முன்னால் கையை விரித்துப் பிடித்தேன்.

"மறைச்சிட்டீக."

கையை எடுத்தேன்.

"எடுத்துட்டீக." உதடு கோணிக்கொண்டு வந்தது அவளுக்கு. டாக்டரைக் கூப்பிட ஓடப்போனேன். கையில் சிக்கிய என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"இருங்க," என்றாள். "இன்னொருக்கா மறைங்க."