புறங்கை

என் தங்கை ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைத்துச் சேர்த்த காசில் பேரணாம்பட்டு வீட்டைப் புதுப்பித்தாள். குளியலறையில் கீசர் வைக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. வயரிங் வேலையை உடனிருந்து பார்த்துக்கொள்ள என்னை வரச்சொன்னாள். ஏழாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகத் திரிந்த என்னை யாரும் இப்படி ஒரு பொறுப்புக்குக் கூப்பிட்டதில்லை.

வயரிங் முடிந்ததும் அவள் சுவரைப் பார்த்தாள். சுவிட்ச் போர்டுகள் கோணாமல் இருந்தன. வேலை சுத்தம் என்று சொல்லிவிட்டாள்.

எனக்கு அது போதவில்லை. முன்பு நான் வேலை செய்த தோல் பதனிடும் டேனரியில், தோல் போட்டுச் சுற்றும் டிரம்மின் சுவிட்ச் பெட்டியும் சுத்தமாகத்தான் இருந்தது. புதுப் பெயிண்ட், நேரான பைப். என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் ஈரக் கையோடு அந்த இரும்புப் பெட்டியைப் பிடித்தான். கரண்ட் அவன் விரல்களை மூடிவிட்டது. கத்தவில்லை. எங்களைப் பார்த்தபடியே நின்றான். மெயினை அணைத்த பிறகுதான் விரல்கள் பிரிந்தன. அதற்குள் உயிர் போயிருந்தது. பெட்டியைத் திறந்தபோது எர்த் கம்பி எதிலும் சேராமல் உள்ளே மடங்கிக் கிடந்தது.

அதற்கப்புறம் எந்த இரும்பையும் முதலில் புறங்கையால்தான் தொடுவேன். அப்படித் தொட்டால் ஷாக்கில் கை தானாக விலகிவிடும். கரண்டே இல்லாத பஸ் கம்பியையும் அப்படித்தான் தொடுகிறேன்.

அதனால் மூடிய பெட்டிகளை எல்லாம் திறந்து காட்டச் சொன்னேன். எலக்ட்ரீஷியன் என்னைவிடச் சின்னவன். முகம் சுண்டிப்போனது. “விடுண்ணா, அவர பேஜார் பண்ணாத,” என்றாள் தங்கை. நான் விடவில்லை. எல்லாப் பெட்டியிலும் பச்சை வயர் ஸ்க்ரூவில் இறுக்கமாக இருந்தது. பின்கட்டில் உப்பும் கரியும் போட்டு எர்த் குழி எடுத்திருந்தான். டெஸ்ட் பல்பின் ஒரு முனையைக் கரண்ட் வரும் பேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்துக் காட்டினான். பல்பு பளிச்சென்று எரிந்தது. திருப்தியா என்று கேட்டான். தலையாட்டினேன். மனசு ஆறவில்லை.

கடைசியாகக் கீசர் சுவிட்சைப் போட்டான். குழாயைத் திறக்கப் போனவன், பிடிப்பதற்கு முன் புறங்கையால் அதை ஒரு தட்டுத் தட்டினான். நான் அதைக் கவனித்ததை அவனும் கண்டுகொண்டான்.

“உனக்கு யாரு போனது?” என்று கேட்டேன்.

அவன் வயர்த் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான். “கூடப் பொறந்தவன்.” பொறுக்கியதைப் பையில் போட்டுவிட்டு, “எங்க வீட்டுலதான். நான் பண்ண வயரிங்கு,” என்றான்.

அதற்குமேல் நான் எதையும் திறக்கச் சொல்லவில்லை. அவன் வேலையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அவன் கைக்கும் அதில் நம்பிக்கை இல்லை.

தங்கை குளிக்கத் துண்டோடு வந்து, தொறக்கலாமா என்று என்னைத்தான் கேட்டாள். தொற என்றேன். இரும்புக் குழாயை முழு உள்ளங்கையால் பிடித்துத் திருகினாள். நாங்கள் இருவரும் குளியலறை வாசற்படியில் நின்றோம்.

“இன்னா, ரெண்டு பேரும் என் கையையே பாக்குறீங்க?” என்று சிரித்தாள்.

தண்ணீர் சுட ஆரம்பித்தது. அவள் இன்னும் குழாயை விடவில்லை.