டீக்கடைப் புங்கனுக்கு ஒரு கண்ணீர் அஞ்சலி

செஞ்சியில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் நிலோபருக்கு முதலில் தெரிந்துவிடும். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு, எதுவானாலும் போட்டோவை வாட்ஸப்பில் தட்டிவிட்டு ஆள் நேரே அவள் பேனர் கடைக்கு வந்து நிற்பார். அச்சு மிஷின் கணவர் உசைரின் பொறுப்பு, கம்ப்யூட்டர் நிலோபருடையது. அவலூர்பேட்டையிலிருந்து மருமகளாக வந்த புதிதில் வேடிக்கை பார்க்க உட்கார்ந்தவள், இன்று ஒரு கையால் மாப்பிள்ளையின் முடியை அடர்த்தியாக்கிக்கொண்டே மறு கையால் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிப்பாள். முதுகுக்குப் பின்னால் யாராவது நின்று அவசரப்படுத்தினால்தான் அவளுக்கு வேலையே ஓடும்.

மரத்துக்கும் அவளுக்கும் சம்பந்தம் உண்டானது அந்த மிஷினால்தான். சாலையை அகலப்படுத்தியபோது கடைக்கு எதிரே இருந்த புளியமரங்களை வெட்டிவிட்டார்கள். அடுத்த கோடையில் மதியமானால் மிஷின் சூடேறி நின்றுபோனது. கோட்டைப் பாறை பகலெல்லாம் குடித்த வெயிலைச் சாயங்காலம் ஊருக்குத் திருப்பிக் கொடுத்தது. நடுவில் தடுக்க ஓர் இலை இல்லை. இத்தனைக்கும் செடி நடுகிறவர்களுக்குக் குறைவில்லை. அந்த விழாக்களுக்கு பேனர் அடித்ததே அவள்தான். பத்துப் பேர் சேர்ந்து ஒரு கன்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மறுவாரம் அந்தக் கன்று என்ன ஆனது என்று ஆட்டுக்குத் தெரியும், நட்டவர்களுக்குத் தெரியாது.

ஊர்க்காரர்களின் பலவீனம் எது என்று பேனர் கடைக்காரிக்குச் சொல்லித்தர வேண்டுமா? போஸ்டரில் தன் முகம். நிலோபர் ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தாள். செடி நட்டவர் மாதம் ஒருமுறை அதன் போட்டோவை இடக்குறிப்போடு போட வேண்டும். பக்கத்து வீட்டுச் செடியைக் காட்டி ஏமாற்ற முடியாது, போனே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் செடிக்குப் பிறந்தநாள் போஸ்டர். ஒரு பக்கம் செடி, மறுபக்கம் நட்டவர் கும்பிடுகிற போட்டோ, மேலே ‘வெயிலை வெல்ல வந்த வேங்கையே’ என்று தங்க எழுத்து. எல்லாம் போனில் மட்டும்தான், அச்சடிப்பதில்லை. ஒரு வேம்புக்கு வேங்கைப் பட்டம் கிடைத்ததும் பக்கத்துத் தெரு மகிழத்துக்குச் ‘சிங்கமே’ கேட்டார்கள். ஸ்டேட்டஸில் வைப்பதற்காகவே ஜனங்கள் சாயங்காலம் குடத்தோடு அலைந்தார்கள்.

கடைத்தெரு வரிசைக்கு மட்டும் குடம் தேவைப்படவில்லை. டீக்கடை ராஜாங்கம் விடிந்ததும் தன் போர் மோட்டாரைப் போட்டு, குழாயை இழுத்து, ஒவ்வொரு செடியாக நனைத்துவிடுவார்.

இரண்டாவது கோடையில் குழு சோர்ந்துபோனது. போட்டோக்கள் குறைந்தன. கொஞ்சம் பயம் காட்டினால்தான் சரிப்படும் என்று நிலோபர் யோசித்திருந்த சமயம், ராஜாங்கத்தின் கடை வாசலில் இருந்த புங்கனே பட்டுப்போனது. ராஜாங்கம் மாமா கோபித்துக்கொள்ள மாட்டார், சிரிப்பார் என்று அவளுக்கு நம்பிக்கை. கல்யாண ஆர்டர்களுக்கு நடுவில் அவருடைய பழைய பிறந்தநாள் போஸ்டரைத் திறந்தாள். தங்க எழுத்தைக் கறுப்பாக்கினாள். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டாள். தோற்றம், மறைவு, தேதிகள். கீழே ‘தண்ணீர் காணாமல் தவித்து மறைந்தார்’. குழுவில் தட்டிவிட்டு, அடுத்த மாப்பிள்ளையின் முடிக்குத் திரும்பினாள்.

ஒன்றை மாற்ற மறந்துவிட்டாள். இடப்பக்கம் புங்கன் காய்ந்த குச்சியாக நிற்க, வலப்பக்கம் ராஜாங்கம் கும்பிட்டபடி பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் குச்சியை யார் பார்ப்பார்கள்?

அன்று பார்த்து அவர் கண் பரிசோதனைக்கு விழுப்புரம் போயிருந்தார். கடை பூட்டியிருந்தது. போன் அணைந்திருந்தது. வெயில் தாக்கி விழுந்துவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. தளவானூரிலிருந்து அவருடைய அக்கா மீனம்பாள் ரோஜா மாலையும் ஆட்டோ நிறைய உறவுமாக வந்து, பூட்டின கடை முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார். மேளத்துக்குச் சொல்ல ஆள் போயிருந்தது.

அப்போதுதான் விழுப்புரம் பஸ்ஸிலிருந்து கறுப்புக் கண்ணாடியோடு ராஜாங்கம் இறங்கினார். மருந்து விட்ட கண்ணுக்குக் கூட்டம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

“யாருப்பா செத்துப் பூட்டாங்க?” என்று விசாரித்தபடி முன்னால் வந்தார்.

மீனம்பாள் நிமிர்ந்தார், பார்த்தார், மாலையாலேயே அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். “உசுரோட இருக்கறவன் போன ஆன் பண்ணி வெக்க மாட்டியாடா?”

கடைத்தெருவே சிரித்தது. ராஜாங்கம் சிரிக்கவில்லை. யாரோ நீட்டிய போனில் போஸ்டரைக் கண்ணருகே பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுநாள் விடிந்ததும் கடையைத் திறந்தார், குழாயைத் திறக்கவில்லை.

கத்திரி வெயில். வரிசைச் செடிகளின் தலை தொங்கியது. உசைர் ஸ்கூட்டரில் கேன் கேனாகத் தண்ணீர் கட்டி வந்து ஊற்றியும் மேல்மண்தான் நனைந்தது. இப்படியே போனால் மழைக்கு முன் ஒன்றும் மிஞ்சாது. அத்தனைக்கும் அஞ்சலி போஸ்டர் போட வேண்டியவள் நிலோபர்தான். மன்னிப்புக் கேட்கப் போனபோதெல்லாம் அவளுக்கு டீ வந்தது, பேச்சு வரவில்லை. ஒருநாள் கடை திறக்கிற நேரத்துக்கே போய் நின்றாள்.

“மாமா, உங்கள சாவடிச்சது தப்புதான்.”

“அது போவட்டும். ஆயுசு கெட்டின்னு வெச்சுக்கறேன்” என்றார் ராஜாங்கம், பாய்லரைப் பார்த்தபடி. “தண்ணி காணாம செத்துதுன்னு போட்டியே. தெருவுக்கே தண்ணி உடறவன் என்னுத உட்டுடுவனா? நீ பொறந்தநாள் போஸ்டர் போட்டியே, அன்னிலேர்ந்து அதுக்குக் குழாத்தண்ணி கூட இல்ல. கிளாஸ் கழுவுற தண்ணி. பாலு, டீத்தூளு, எல்லாச் சத்தும் அதுல இருக்குது. ஒருநாள் தவறல.”

சொல்லிக்கொண்டே, கிளாஸ்களை எடுத்துவிட்டு, அவை முங்கிக் கிடந்த பாத்திரத்தைத் துணி சுற்றித் தூக்கினார். பழக்கதோஷம், கை தானாகப் போய்க் குச்சியின் அடியில் சாய்த்தது. ஆவி குபுகுபுவென்று எழும்பியது.

நிலோபர் ஆவியைப் பார்த்தாள். ராஜாங்கம் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் ஆவியைப் பார்த்தார். வேரில் வெந்நீர் ஊற்றுவது என்று அடுத்தவனைத் திட்டத்தான் சொல்வார்கள். ஆசையாக ஊற்றியவரை என்ன சொல்வது?

பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைத்தார். குனிந்தபடியே கேட்டார், “குரூப்ல போடப்போறியா?”

“இன்னாத்த மாமா போடறது? டீ நல்லா இருக்குதுன்னா?”

அன்று மதியமே தங்க எழுத்தில் புதுப் போஸ்டர் வந்தது. ராஜாங்கம் நலமாக இருக்கிறார், தன் புங்கனுக்கு ஒருநாள் தவறாமல் தண்ணீர் ஊற்றியவர் அவர், பிழை பேனர் கடையினுடையது என்று. ஒரு வார்த்தை பொய்யில்லை. அனுப்புமுன் உசைர் இரண்டு முறை சரிபார்த்தார். சாயங்காலம் கடைத்தெருவில் குழாய் ஓடியது.

முதல் மழைக்குப் பிறகு அதே குழியில் வேறொரு புங்கன் வைத்தார்கள். கன்றை நிமிர்த்திப் பிடித்தபடி நிலோபர், “ஆற வெச்சு ஊத்துங்க மாமா” என்று மட்டும் சொன்னாள்.

வெறும் குழாய்த் தண்ணீரில் ஒரு பிள்ளை வளரும் என்று ராஜாங்கம் இன்னமும் நம்பவில்லை. தினமும் விடியலில் கிளாஸ் கழுவின தண்ணீரைக் குவளையில் மொண்டு, இன்னொரு குவளைக்குக் கை நீள இழுத்து இழுத்து ஆற்றுகிறார். விரலை விட்டுப் பார்க்கிறார். திருப்தி இல்லையென்றால் இன்னும் இரண்டு ஆற்று. எதிரே கடை ஷட்டரைத் தூக்குகிற நிலோபர், மாதம் ஒருநாள் குழுவுக்கான போட்டோவைத் தானே எடுத்துக்கொள்கிறாள்.

முதல் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் பெஞ்சிலிருந்து குரல் கொடுப்பார், மொதல்ல எனக்கு ஒரு டீ ஆத்துப்பா என்று.

“இருய்யா, அது சின்னப்புள்ள” என்பார் ராஜாங்கம்.